வெஸ் மான்ட்கோமரியின் கிதாரைக் கேட்கப் பழகுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஜாஸ் கிதார் ரசிகர்களிடையே வெஸ் மான்ட்கோமரியின் பெயர் எழுந்தால், பேச்சு முதலில் அவருடைய கட்டைவிரலுக்கும் அடுத்து அவருடைய ஆக்டேவ் வாசிப்புக்கும் (ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து வாசிப்பது) போய்விடும். இரண்டும் வியக்கத்தக்கவையே. ஆனால் அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அந்த உத்திகள் பல கிதார் கலைஞர்களுக்குக் கைவந்தும் விட்டன. அப்படியிருந்தும் அவர்மீதுள்ள பற்று சிறிதும் தளரவில்லை என்றால், அதற்கான காரணத்தை உத்திகளுக்கு அப்பால்தான் தேட வேண்டும். கையில் எடுத்த ஒரு சிறு இசைத்துணுக்கைக் கைவிடாமல் வளர்த்து, ஒரு தனி வாசிப்பை அடித்தளத்திலிருந்து உச்சிவரை எழுப்பும் நிதானமே அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த நிதானத்தைக் காது பிடித்துக்கொள்ளும்வரை எந்த வரிசையில், எதைக் கவனித்துக் கேட்பது என்பதைத்தான் இந்த வழிகாட்டி சொல்கிறது. கிதார் வாசிக்கத் தெரியாதவர்களும் ஆறாம் படியைத் தவிர மற்ற அனைத்தையும் பின்பற்றலாம்.

தொடங்குமுன்

ஜாஸ் இசையில் பெரும்பாலும் முதலில் பாட்டின் மெட்டு வாசிக்கப்படும். பிறகு அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்புகளின்) வரிசை அப்படியே திரும்பத் திரும்பச் சுழல, அதன்மேல் ஒவ்வொரு கலைஞரும் தம் கற்பனையை வாசிப்பார். இறுதியில் மெட்டு மீண்டும் வரும். அந்தச் சுழற்சி ஒன்றுக்குக் கோரஸ் என்று பெயர். ப்ளூஸ் வடிவத்தில் ஒரு கோரஸ் பொதுவாக 12 பார்களை, அதாவது தாள அளவுகளைக் கொண்டது. பழைய அமெரிக்க நாடக மேடைப் பாடல்கள் பலவற்றில் அது 32 பார்கள். இந்தச் சுழற்சி எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பதைக் காது உணர்ந்துவிட்டால், வெஸ்ஸின் வாசிப்பில் பாதி புரிந்துவிடும்; ஏனெனில் அவர் தம் பெரிய முடிவுகளைப் பெரும்பாலும் ஒரு கோரஸின் வாசலில்தான் எடுக்கிறார்.

மற்றபடி, கீழ்ஸ்தாயி ஒலிகளை ஓரளவு தெளிவாகத் தரும் ஹெட்ஃபோன் இருந்தால் போதும். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அவருடைய ஒலியின் சதைப்பற்று முழுவதும் வடிந்துவிடும்.

முதல் படி: மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜான் லெஸ்லி மான்ட்கோமரி 1923 மார்ச் 6 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். வெஸ் என்பது அழைப்புப் பெயர். அண்ணன் மங்க் பேஸ் என்ற கீழ்ஸ்தாயி தந்திக் கருவியை வாசித்தார். தம்பி படி (Buddy) பியானோவும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும் வாசித்தார். சிறுவயதில் அண்ணன் வாங்கித் தந்த நான்கு தந்திக் கிதார் ஒன்று வெஸ்ஸிடம் இருந்தது என்றாலும், ஏறக்குறைய 20 வயதில், பென்னி குட்மன் குழுவில் கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் வாசித்ததை இசைத்தட்டில் கேட்ட பிறகுதான் அவர் ஆறு தந்திக் கிதாரைக் கையில் எடுத்தார். இசைக்குறிப்புகளை அவர் படிக்கக் கற்கவே இல்லை. சார்லி கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளை ஸ்வரம் பிசகாமல் காதால் பிடித்து மனப்பாடம் செய்தார். உள்ளூர் கிளப்பில் அவருக்குக் கிடைத்த முதல் வேலையே அந்த வாசிப்புகளை அப்படியே வாசித்துக் காட்டுவதுதான்.

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் பெரிய குழுவுடன் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். பிறகு குடும்பத்தைக் காக்க ஊர் திரும்பி, பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் ஒரு மதுக்கூடத்தில் வாசிப்பு, நள்ளிரவுக்குப் பின் மிசைல் ரூம் என்ற கிளப்பில் மீண்டும் வாசிப்பு என்று பல ஆண்டுகளைக் கழித்தார். 1959-இல் சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் அடர்லி அங்கே அவரைக் கேட்டார். கேட்ட வேகத்தில் ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்தின் ஓரின் கீப்நியூஸிடம் சொல்லி, அவரை ஒப்பந்தம் செய்யத் தூண்டினார். அந்த ஆண்டு அக்டோபரில் முதல் ரிவர்சைட் ஆல்பம் பதிவானது. 1968 ஜூன் 15 அன்று மாரடைப்பால் அவர் இறந்தபோது வயது 45. அவருக்குப் புகழ் தேடித்தந்த ஆல்பங்கள் அனைத்தும் இந்த ஒன்பது ஆண்டுக்கும் குறைவான காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 36 வயதில் ரிவர்சைட்டுக்காக அவர் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தபோது ஏற்கெனவே பழுத்த கலைஞராக இருந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்; தயக்கமோ தேடித் தடுமாறுவதோ அந்தப் பதிவுகளில் ஏன் தென்படுவதில்லை என்பது விளங்கும்.

இரண்டாம் படி: ஒலியை மட்டும் கேளுங்கள்

1960 ஜனவரியில் நியூயார்க்கில் பதிவான ‘தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிதார் ஆஃப் வெஸ் மான்ட்கோமரி’ ஆல்பத்திலிருந்து ‘போல்கா டாட்ஸ் அண்ட் மூன்பீம்ஸ்’ என்ற மெதுநடைப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவில் டாமி ஃபிளனகன், பேஸில் பெர்சி ஹீத், ட்ரம்ஸில் ஆல்பர்ட் ஹீத். முதல் முறை கேட்கும்போது மெட்டையோ கற்பனையையோ பின்தொடர வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரமும் எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பிக் எனப்படும் சிறு பிளாஸ்டிக் தகட்டால் தந்தியைத் தொட்டால் ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு சிறு ‘டிக்’ ஒலி வரும். வெஸ்ஸின் ஸ்வரங்களில் அது இல்லை. கட்டைவிரலின் சதைப்பகுதி தந்தியைக் கீழ்நோக்கித் தள்ளுவதால், ஸ்வரம் ஓரமில்லாமல், உருண்டு, முழு உடலோடு தொடங்குகிறது. வீட்டில் இரவு நேரத்தில் ஆம்ப்ளிஃபயரை வைத்துப் பயிற்சி செய்தது மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்ததால் பிக்கைக் கைவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறினார் என்பதே ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் காரணம். காரணம் எதுவாயினும், பிற்காலத்தில் அவர் கையில் நிலைத்த கிப்சன் எல்-5 என்ற பெரிய உடலுள்ள கிதாரும், அதில் அவர் பூட்டிய தடித்த, மேற்பரப்பு வழுவழுப்பான தந்திகளும் அந்தக் கட்டைவிரலுக்கு ஏற்ற துணைகளாயின. மெல்லிய தந்தியைக் கட்டைவிரலால் அழுத்தமாகத் தட்டினால் அது நடுங்கி வழுக்கிவிடும். தடித்த தந்தி தாங்கிக்கொண்டு ஆழமாக ஒலிக்கும்.

இதே பாடலை மறுபடி கேட்கும்போது, நீளும் ஸ்வரங்கள் எப்படித் தேய்ந்து முடிகின்றன என்பதைக் கவனியுங்கள். இந்தப் படியில் அவசரம் வேண்டாம். ஒலியில் காது தோயாதவருக்கு அடுத்த படிகள் வெறும் தகவலாகவே நின்றுவிடும்.

மூன்றாம் படி: சுழற்சியை எண்ணுங்கள்

அதே ஆல்பத்தில் ‘டி-நேச்சுரல் ப்ளூஸ்’ என்ற பாடல் எண்ணிப் பழகுவதற்கு மிகவும் ஏற்றது. காலால் நான்கு நான்காகத் தட்டி, நான்கு தட்டுக்கு ஒரு பார் என்று விரல் மடக்கி, 12 பார்கள் முடியும் இடத்தைப் பிடியுங்கள். பேஸ் உங்களுக்கு உதவும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஸ்வரம் வைத்து அது நடந்துகொண்டே இருக்கும். சிறிது நேரத்தில், 12-ஆம் பாரின் இறுதியில் இசை முழுவதும் ஒருமுறை மூச்சுவிட்டுத் திரும்புவது எண்ணாமலே தெரியத் தொடங்கும்.

அடுத்து ‘வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்’. இதுவும் ப்ளூஸ்தான், ஆனால் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் ஓடுவது, கார்டுகளும் வழக்கமான ப்ளூஸைவிடச் செறிவானவை. மூன்று மூன்றாக எண்ணினால் ஒரு சுழற்சிக்கு 24 பார்கள் வரும். இதற்கும் காது பழகிய பிறகு அடுத்த படிக்குச் செல்லலாம்.

நான்காம் படி: மூன்று அடுக்குகளை அடையாளம் காணுங்கள்

அவருடைய தனி வாசிப்புகள் பலவற்றில் ஓர் ஏறுமுகம் இருக்கிறது: முதலில் ஒற்றை ஸ்வரங்களாலான வரிகள், பிறகு ஆக்டேவ்கள், அதன் பின் முழுக் கார்டுகளாலேயே மெட்டு. ‘வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்’ இதற்கு மிகத் தெளிவான சான்று. மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஒற்றை ஸ்வர வரிகளில் கவனிக்க வேண்டியது வேகம் அன்று, உரையாடல். ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்வார், இடைவெளி விடுவார், அதே தாளக்கட்டில், ஸ்வரங்களைச் சற்றே மாற்றி, இன்னொரு வாக்கியத்தால் அதற்கு விடை சொல்வார். கொஞ்சம் இசையறிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் கண்டுகொள்ளலாம்: ஜி-செவன் கார்டு ஓடும் இடத்தில் அவர் பெரும்பாலும் டி-மைனர் கார்டின் ஸ்வரங்களைக் கொண்டு வரி கட்டுவார். அதனால் கார்டின் அடிப்படை ஸ்வரத்தில் வந்து உட்காராமல், அதன் மேல்மட்டங்களில் மிதந்தபடியே வரி நகரும். அந்த வரிகள் கனமான ஒலி கொண்டிருந்தும் பாரமாகத் தோன்றாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து ஆக்டேவ்கள். ஒரே ஸ்வரத்தைக் கீழ்ஸ்தாயியிலும் அதற்கு அடுத்த மேல்ஸ்தாயியிலும் ஒரே நேரத்தில் வாசிப்பதுதான் இது. இவருக்கு முன்பே கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இதைச் செய்திருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே கண்டுபிடித்தவர் வெஸ் என்று சிலர் எழுதுவது சரியன்று. ஜாங்கோவிடம் அது இடையிடையே மின்னும் ஓர் அலங்காரம். வெஸ்ஸோ கோரஸ் கோரஸாக ஆக்டேவிலேயே சிந்தித்தார், ஆக்டேவிலேயே பேசினார். மற்றவர்கள் ஒற்றை விரலால் தேடும் வரிகளை இவர் இரண்டு விரல்களை ஒரே இடைவெளியில் நிறுத்தியபடி கிதாரின் கழுத்து முழுவதும் ஓடவிட்டு வாசிப்பதைக் கேட்கும்போது, அந்த உழைப்பின் சுவடே தெரிவதில்லை. ஒலி அகன்று விரிகிறது, அவ்வளவுதான். ஆக்டேவுக்கு மாறும்போது அவருடைய வாக்கியங்கள் எளிமையாகிவிடுவதையும் கவனியுங்கள்: ஸ்வரங்கள் குறைந்து, தாளம் கூர்மையடையும்.

மூன்றாவது அடுக்கு கார்டுகள். உச்சித் தந்தியில் மெட்டு ஓட, அதன் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடியில் ஒரு முழுக் கார்டு கூடவே நகரும். இரண்டு நிலையான கார்டுகளுக்கு இடையே ஒரு டிமினிஷ்ட் கார்டை வைத்து, இறுக்கம், தளர்வு, இறுக்கம், தளர்வு என்று மாறி மாறிப் படியேறுவது அவருடைய வழக்கம். ஒரு பெரிய குழுவின் ட்ரம்பெட் வரிசை எழுந்து நின்று வாசிப்பது போன்ற எழுச்சி இந்த இடத்தில் ஒற்றைக் கிதாரிலிருந்து வருகிறது.

இப்போது பாடலை மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்டு, அடுக்கு மாறும் ஒவ்வொரு கணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றம் கோரஸின் வாசலில் நிகழ்கிறதா, அதற்குச் சற்று முன்பே அதற்கான அறிகுறி தெரிகிறதா என்று பாருங்கள். இந்த வடிவத்தை அவர் எல்லாப் பாடல்களிலும் கடைப்பிடித்தார் என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் வரிசையைக் கலைக்கிறார், ஓர் அடுக்கை முழுவதுமாக விட்டும்விடுகிறார். வடிவம் காதில் பதிந்திருந்தால்தான் அந்த மீறல்களின் சுவையும் தெரியும்.

ஐந்தாம் படி: குழுவோடு சேர்த்துக் கேளுங்கள், பிறகு கண்ணால் பாருங்கள்

1965-இல் வெளிவந்த ‘ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்’ ஆல்பத்துக்கு ரசிகர்களிடையே தனி மதிப்பு உண்டு. பியானோவில் விண்டன் கெல்லி, பேஸில் பால் சேம்பர்ஸ், ட்ரம்ஸில் ஜிம்மி காப். மூவரும் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் ஒன்றாக வாசித்துக் கைபழகியவர்கள். முதல் வெளியீட்டில் இருந்த ஐந்து பாடல்களில் ‘நோ ப்ளூஸ்’, ‘இஃப் யூ குட் சீ மீ நவ்’ ஆகிய இரண்டு மட்டுமே நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் நேரடியாகப் பதிவானவை. மற்றவை பிறகு ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பதிவுக்கூடத்தில் பதிவாயின. இந்த ஆல்பத்தையே ஜாஸ் கிதாரின் தலைசிறந்த ஆல்பம் என்று கிதார் கலைஞர் பேட் மெத்தீனி சொல்லியிருக்கிறார்; ‘இஃப் யூ குட் சீ மீ நவ்’ பாடலில் வரும் தனி வாசிப்பு அவருக்கு மிகவும் பிடித்தமானது.

ஏறக்குறைய 13 நிமிடம் ஓடும் ‘நோ ப்ளூஸ்’ பாடலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வெஸ்ஸை மட்டும் கேட்காமல், அவர் விடும் இடைவெளிகளில் கெல்லியும் காப்பும் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். வெஸ் ஒரு சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு முறையும் அதைச் சற்றே வேறு இடத்தில் அழுத்துவார். குழு முழுவதும் அந்த அழுத்தத்தின் பின்னால் சாயும். கற்பனை வற்றியவர் திரும்பச் சொல்வதற்கும், கேட்பவரின் எதிர்பார்ப்பைக் கூட்டத் திரும்பச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு எனக்குத் தெரிந்து வேறில்லை. இதனுடன் 1962 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பதிவான ‘ஃபுல் ஹவுஸ்’ ஆல்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே மூவருடன் ஜானி கிரிஃபினின் சாக்ஸஃபோனும் சேர்ந்து கொதிக்கும் இசை அது.

அதன் பின் காட்சிப் பதிவுகள். விமானப் பயணத்துக்கு அஞ்சியவர் என்றாலும், 1965-இல் அவர் ஐரோப்பா சென்று பெல்ஜியம், நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் தொலைக்காட்சிகளில் வாசித்தார். அந்தப் பதிவுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. வலது கையைப் பாருங்கள்: மற்ற விரல்கள் கிதாரின் முகப்பில் விரிந்து ஊன்றியிருக்க, கட்டைவிரல் மட்டும், நுனிக் கணு பின்னோக்கி வளைந்து, விசிறிபோல அசையும். முகத்தில் புன்னகை, பார்வை பெரும்பாலும் சக கலைஞர்கள்மீது. டச்சுத் தொலைக்காட்சிப் பதிவில், அன்று துணைக்கு வாசித்த பிம் ஜேக்கப்ஸ் குழுவினருக்கு, ஒரு தாள்கூட இல்லாமல், கார்டுகளை வாயால் சொல்லியும் வாசித்துக் காட்டியும் அவர் பாடலைக் கற்றுத்தரும் பகுதி உண்டு. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர் என்ற செய்தியைக் கேட்டு அவரை ஏதோ உள்ளுணர்வு மட்டுமே கொண்டவர் என்று எண்ணுவோர் அந்தப் பகுதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கார்டும் எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

ஆறாம் படி: கிதார் வாசிப்பவர்களுக்கு

ஆக்டேவைத் தொடங்க ஆறாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தியில் ஆள்காட்டி விரல். இரண்டு ஃபிரெட் தள்ளி நான்காம் தந்தியில் மோதிர விரல் அல்லது சுண்டுவிரல். இடையிலுள்ள ஐந்தாம் தந்தியை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி லேசாகத் தொட்டு ஊமையாக்க வேண்டும். ஐந்தாம், மூன்றாம் தந்திகளுக்கும் இதே இடைவெளிதான். ஆனால் நான்காம், இரண்டாம் தந்திகளிலும், மூன்றாம், முதல் தந்திகளிலும் மூன்று ஃபிரெட் இடைவெளி தேவைப்படும்; இந்த மாற்றத்தில்தான் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரி அறுபடும்.

வலது கட்டைவிரல் மூன்று தந்திகளையும் ஒரே வீச்சில் கடக்க வேண்டும். ஒலிப்பவை இரண்டு, ஊமையான நடுத்தந்தி ‘தொக்’ என்று ஒரு மெல்லிய தட்டொலியை மட்டும் தரும். அந்தத் தட்டொலியைக் குறையாகக் கருதி அழிக்க முயல வேண்டாம். வெஸ்ஸின் ஆக்டேவ்களுக்கு மேளத்தின் தன்மையைக் கொடுப்பதே அதுதான். ஒற்றை ஸ்வரங்களைக் கீழ்நோக்கிய வீச்சிலேயே அவர் பெரும்பாலும் வாசித்தார். ஆக்டேவிலும் கார்டிலும் வேகம் தேவைப்படும்போது மேல்நோக்கிய வீச்சும் சேரும். கழுத்துப் பலகை முடியும் இடத்துக்கு அருகில் தட்டினால் ஒலி இளகும். பாலத்தை நோக்கிப் போகப் போக வறண்டுவிடும்.

பயிற்சிக்கு ஸ்வர வரிசைகளை மேலும் கீழும் ஓட்டுவதைவிட, வாயால் பாடத் தெரிந்த ஓர் எளிய மெட்டை ஆக்டேவில் வாசிப்பதே நல்லது. முதலில் பாடுங்கள், பாடியதை வாசியுங்கள், பாட முடியாததை வாசிக்காதீர்கள். பிறகு, அவர் சார்லி கிறிஸ்டியனிடம் செய்ததைப் போலவே, அவருடைய ஒரு கோரஸை எழுத்துக் குறிப்பின் துணையின்றிக் காதால் மட்டும் பிடித்துப் பாருங்கள். ‘டி-நேச்சுரல் ப்ளூஸ்’ பாடலின் முதல் கோரஸ் இதற்குப் போதும். கட்டைவிரலில் கொப்புளம் எழுந்தால் ஓய்வு கொடுங்கள்; அவருடைய விரல் வளைந்த அளவுக்கு எல்லோருடைய விரலும் வளையாது, வளைக்க முயல்வதும் கூடாது.

ஏழாம் படி: பிற்கால ஆல்பங்களைத் தள்ளிவிடாதீர்கள்

1964-இன் பிற்பகுதியிலிருந்து தயாரிப்பாளர் கிரீட் டெய்லருடன் முதலில் வெர்வ் நிறுவனத்திலும், 1967 முதல் ஏ அண்ட் எம் நிறுவனத்திலும் அவர் பதிவு செய்தார். அக்காலத்து வானொலிப் பாடல்களின் மெட்டுகளை, பெரிய வயலின் வரிசையின் பின்னணியில், நீண்ட கற்பனை வாசிப்பு இல்லாமல், ஆக்டேவில் வாசித்த ஆல்பங்கள் இவற்றில் பல. ‘கோயிங் அவுட் ஆஃப் மை ஹெட்’ அவருக்குக் கிராமி விருதைப் பெற்றுத்தந்தது. ‘எ டே இன் தி லைஃப்’ பெருமளவில் விற்றது. ஜாஸ் விமரிசகர்கள் பலர் வருந்தினார்கள். ரசிகர்களிடையே அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பெரிய குடும்பத்தைக் காக்க நெடுங்காலம் இரவும் பகலும் உழைத்த ஒருவர், கடைசியில் கிடைத்த வசதியை ஏற்றுக்கொண்டதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. மேலும், பிறர் மெட்டை ஒரு ஸ்வரம்கூட வீணாக்காமல், பாடகர் மூச்சுவிடும் இடத்தில் தாமும் மூச்சுவிட்டு வாசிப்பது எப்படி என்பதை இந்த ஆல்பங்கள்தான் கற்றுத்தருகின்றன. இருப்பினும் இவற்றிலிருந்து தொடங்க வேண்டாம். நான்காம் படியைக் கடந்தவருக்குத்தான், இந்த அடக்கத்துக்கு உள்ளே எவ்வளவு அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும்.

எட்டாம் படி: அவரை நேசித்தவர்கள் வழியாகக் கேளுங்கள்

ரசிகர்களாக இருந்து தாமே பெரும் கலைஞர்களானவர்களைக் கேட்பது கடைசிப் படி. ஜார்ஜ் பென்சன் ஆக்டேவுக்கு நடுவே மூன்றாவது ஸ்வரம் ஒன்றைச் சேர்த்து, வெஸ்ஸின் ஒலியைத் தம்முடையதாக்கினார். பேட் மார்ட்டினோ 1972-இல் ஓர் ஆல்பத்தையே அவருடைய நினைவுக்குப் படைத்தார். எமிலி ரெம்லர் 1988-இல் வெளியிட்ட ‘ஈஸ்ட் டு வெஸ்’ ஆல்பத்தின் பெயரிலேயே அந்தப் பற்று இருக்கிறது. என்னை மிகவும் தொட்டது பேட் மெத்தீனியின் வழி: இளம் வயதில் கட்டைவிரலால் ஆக்டேவ் வாசித்து வெஸ்ஸை அப்படியே பின்பற்றியவர், அது இன்னொருவருக்குச் சொந்தமான குரல் என்று உணர்ந்து, மரியாதையின் பொருட்டே அதை விட்டுவிட்டார். அவருடைய ஒலியில் வெஸ்ஸின் சாயல் குறைவு. ஒரு துணுக்கைப் பிடித்து வளர்த்துச் செல்லும் முறையில் மட்டும் ஆசானின் பாடம் தெளிவாகக் கேட்கும்.

இவர்களைக் கேட்ட பிறகு ‘எக்கோஸ் ஆஃப் இண்டியானா அவென்யூ’ ஆல்பத்துக்கு வாருங்கள். ரிவர்சைட் ஒப்பந்தத்துக்கு முன்பு, 1950-களின் பிற்பகுதியில் இண்டியானாபொலிஸிலேயே பதிவாகி, 2012-இல்தான் வெளிவந்த இசை இது. ஆர்கன் கலைஞர் மெல்வின் ரைனும் தம்பி படியும் இதில் உடன் வாசிக்கிறார்கள். ஒலித்தரம் சுமார்தான், ஆனால் கட்டைவிரலின் உருண்ட ஒலியும், ஆக்டேவும், கார்டுகளும், அவற்றை ஏந்தி ஏறும் நிதானமும் ஏற்கெனவே இதில் முழுமையாக இருக்கின்றன. இதைக் கேட்டு முடித்ததும் 1959-இன் முதல் ரிவர்சைட் ஆல்பத்தில் உள்ள ‘மிசைல் ப்ளூஸ்’ பாடலைப் போடுங்கள். நள்ளிரவுக்குப் பின் அவர் வாசித்துவந்த அந்தக் கிளப்பின் பெயரைத் தாங்கிய பாடல் அது. அதிலும் ஆர்கன் வாசிப்பவர் மெல்வின் ரைன்தான்.